நாலாவது வாய்க்கால்

அந்தப் பக்கம் வெயில் அடிக்குது தம்பி, இப்படித் தள்ளி உக்காருங்க. கைக்குட்டையை எடுங்க, பாப்போம். வலது கன்னமா? மேலயா, கீழயா? பேச வேண்டாம், விரலால காட்டுனாப் போதும். கீழ. சரி. மதுரைக்குத்தானே? பல்லைப் புடுங்கவா? தலையை ஆட்டுறீங்க. நெனச்சேன்.

புடுங்காதீங்க. டாக்டர் வேற வழியே இல்லைன்னு சொன்னாத்தான் புடுங்கணும். நீங்களா முடிவு பண்ணிக்கிட்டுப் போகக் கூடாது. நான் அதிகம் பேசுற ஆளு இல்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லுவேன், அவ்வளவுதான். ஆனா பல்லுன்னு வந்துட்டா சொல்லாம இருக்க முடியலை. அதோட இது ரகசியம் வேற. கோவில்பட்டியில ஒருத்தருக்கும் தெரியாது. இந்தப் பஸ் டிரைவர் அண்ணாச்சிக்குத் தெரியும், போன தடவை முன் சீட்டுல உக்காந்து வந்தேன். அவரு சொல்ல மாட்டாரு. டீக்கடை ராமானுஜத்துக்குத் தெரியும். அவரும் அப்படித்தான்.

என் பேரு சௌந்திரபாண்டி. கோவில்பட்டியில கடலை மிட்டாய்ப் பட்டறை வச்சிருக்கேன். பதினாலு பேரு வேலை பாக்குறாக. கடலை வறுக்குறது, பாகு காய்ச்சுறது, தட்டுல கொட்டி உருட்டுறது, வெட்டுறது எல்லாம் அவுக. என் வேலை ஒண்ணே ஒண்ணுதான். கடிக்கிறது. ஒவ்வொரு ஈடும் ஆறுனதும் ஒரு துண்டு எனக்கு வரும். வலது பக்கம் மேல, கடைசிக்கு முந்துன பெரிய பல்லுல வச்சு ஒரே கடி. ‘டக்’குன்னு சத்தம் வந்தா மிட்டாய் கடைக்குப் போகலாம். ‘சவக்’குன்னா பாகு பத்தலை. ‘கடக்’குன்னா முத்திப் போச்சு. முப்பத்திரெண்டு வருஷமா அந்த ஒரு பல்லுதான் எனக்குத் தராசு. மத்த பல்லெல்லாம் சும்மா கூட இருக்கு.

இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி அந்தப் பல்லு சொத்தை விழுந்து நரம்பு வரைக்கும் போயிருச்சு. அப்பதான் என் வீட்டுக்காரி கனகமணியோட தம்பி தனுஷ்கோடி பல் டாக்டருக்குப் படிச்சு முடிச்சு, மெயின் ரோட்டுல ஆஸ்பத்திரி திறந்திருந்தான். எனக்கு மச்சினன். நான் மாப்ளன்னு கூப்பிடுவேன், அவன் என்னை அத்தான்பான். என்னை ஒரு வாரத்துல மூணு தடவை உக்கார வச்சு வேர் சிகிச்சை பண்ணான். அது என்னன்னு தெரியும்ல? பல்லோட வேருக்குள்ள சின்னச் சின்னதா வாய்க்கால் ஓடுது. அதுலதான் நரம்பு கிடக்கும். நரம்பு கெட்டுப் போச்சுன்னா அதை வழிச்சு எடுத்துட்டு, வாய்க்காலைக் கழுவி, மருந்தை வச்சு அடைச்சு, மேல கேப்பு போட்டு மூடணும். பல்லுக்கு அதுக்கப்புறம் உயிர் இல்லை. ஆனா வேலை பாக்கும். எங்க பட்டறைக் கணக்கப்பிள்ளை மாதிரி.

நல்லாத்தான் பண்ணான், குறை சொல்லக் கூடாது. இருபத்தஞ்சு வருஷம் லட்சக்கணக்குல கடிச்சிருக்கேன்.

அப்புறம்தான் அந்தப் பிரஷ் விவகாரம். போன வருஷம் ஆவணியில அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாட்டியும் நானும் மாமன் முறைதானே. நானூறு பாக்கெட் கடலை மிட்டாய், தனியா எள்ளு போட்டு, ஏலக்காய் தட்டி, பொண்ணு பேரு அச்சடிச்ச தாள்ல சுத்தி அனுப்பியிருந்தேன். வந்தவுகளுக்குத் தாம்பூலப் பையில போட்டுக் குடுக்கத்தான். விசேஷம் முடிஞ்சு பையைப் பிரிச்சா, உள்ள தேங்காய், வெத்தலை பாக்கு, அப்புறம் ஒரு பல் துலக்குற பிரஷ்ஷும் பேஸ்ட்டும். என் மிட்டாயைக் காணோம். கேட்டா, “அத்தான், பல் டாக்டர் வீட்டு விசேஷத்துல அதைக் குடுத்தா ஊரு சிரிக்கும், சமையக்கட்டுல பத்திரமா இருக்கு”ன்னான். சம்பந்தி வீட்டார் முன்னாடி. நான் ஒரு வார்த்தை பேசலை. பிரஷ்ஷை மட்டும் அவன் சட்டைப் பையில சொருகிட்டு வந்துட்டேன். கனகமணியையும் சாப்பிட விடாமக் கூட்டிட்டு வந்தேன். அவ சாப்பிட்டுட்டாளாம், அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

எட்டு மாசம் பேச்சு வார்த்தை இல்லை. எங்க வீட்டுக்கும் அவன் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஒரு மருந்துக்கடைதான். எட்டு மாசமும் நான் எதிர்ப்பக்க பிளாட்பாரத்துலதான் நடந்தேன்.

சாத்தூர் வந்துருச்சு போலயே. வெள்ளரிக்கா வேணுமா? கடிக்க முடியாதுல்ல. நான் ஒண்ணு வாங்கிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க.

பங்குனி மாசம் வலி வந்துச்சு. முதல்ல சும்மா ஒரு கனம் மாதிரி. அப்புறம் கடிச்சா ஊசி ஏறுற மாதிரி. இவன்கிட்டப் போறதா? செத்தாலும் போக மாட்டேன்னு இருந்தேன். இடது பக்கம் கடிச்சேன். இடது பக்கத்துக்கு அந்த வித்தை தெரியலை, எல்லாமே ‘கடக்’குன்னு கேக்குது. பாகு காய்ச்சுற பேச்சித்தாயைக் கூப்பிட்டு, பாகு முத்திப் போகுது, சீக்கிரம் இறக்குன்னேன். இறக்குனா. இன்னும் சீக்கிரம்னேன். அண்ணாச்சி, பதம் எப்பவும் போலத்தான் இருக்குன்னா. எனக்கே பதம் சொல்லிக் குடுக்குறியான்னு சத்தம் போட்டேன். மூணு வாரம் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

அப்புறம் தூத்துக்குடியில இருந்து ஒரு லோடு திரும்பி வந்துச்சு. கன்னியாகுமரியில இருந்து ஒரு லோடு. மிட்டாய் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, இழுத்தா நூலா வருது. ஒரு கடைக்காரர் போன் பண்ணி, அண்ணாச்சி, இது கடலை மிட்டாயா, கடலை அல்வாவான்னு கேட்டாரு. முப்பத்திரெண்டு வருஷத்துல நான் கேக்காத கேள்வி. அன்னைக்கு மத்தியானம் பட்டறையில யாரும் என்னை நிமிந்து பாக்கலை. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது, பல்லைவிட. பேச்சித்தாய்க்கு இந்தத் தொழில் பிடிபட இன்னும் ரொம்ப நாளாகும்னு நினைச்சுக்கிட்டேன்.

சரி, வெளியூர்ல பாத்துக்கலாம்னு விசாரிச்சேன். மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காக, மெஹருன்னிஸான்னு பேரு, வேர் சிகிச்சை மட்டும்தான் பாக்குறாக, வேற எதுவும் தொடுறது இல்லைன்னு சொன்னாக. வீட்டுல வெல்லமண்டிக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புனேன். கனகமணிக்குச் சந்தேகமே வரலை. நல்ல மனுஷி, சூதுவாது தெரியாது. நான் மதுரை போய்ட்டு வந்த அன்னைக்கெல்லாம் பாருங்க, வீட்டுல குழைய வடிச்ச சோறும் பருப்பு ரசமும்தான். எப்படித்தான் அமையுமோ, எனக்கும் அதுதான் இறங்கும்.

அங்க போய் உக்காந்ததும் ரிசப்ஷன் பொண்ணு பேரைக் கேட்டுச்சு. பல் டாக்டருங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவுக. என் பேரு தனுஷ்கோடி காதுக்குப் போய்ட்டா? அருணாசலம்னேன். ஊரு? பம்பாய்னேன். கோவில்பட்டி பஸ் டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டு. முன்னாடி இந்தப் பல்லுக்கு யாரு பாத்தான்னு டாக்டரம்மா கேட்டாக. பம்பாய் டாக்டர், பேரு மறந்து போச்சுன்னு சொன்னேன்.

என்னைச் சுத்தி ஒரு மெஷின் வட்டம் போட்டுச்சு. அதுல பல்லை எல்லாப் பக்கமும் படம் எடுக்குமாம். பலாப்பழத்தை எங்க அறுத்தாலும் உள்ள சுளை தெரியிற மாதிரி, கம்ப்யூட்டர்ல என் பல்லை அப்படி அறுத்து அறுத்துக் காட்டுனாக. “இங்க பாருங்க அருணாசலம் ஐயா”ன்னாக. ரெண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் அது நான்னு உறைச்சுது.

அவுக சொன்னது இதுதான். இந்தப் பல்லுக்குள்ள மூணு வாய்க்கால் அடைச்சிருக்கு, நல்லா அடைச்சிருக்கு. ஆனா நாலாவது ஒண்ணு இருக்கு. ஒரு வேருக்குள்ளயே ஒளிஞ்சு, முதல் வாய்க்காலை ஒட்டி, தலைமயிரை விடச் சன்னமா. அதை யாரும் தொடலை. அதுக்குள்ள இத்தனை வருஷமா கிருமி குடியிருந்து, வேர் நுனியில எலும்பைக் கரைச்சிருக்கு.

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வலி பறந்து போச்சு. சத்தியமா. நாலாவது வாய்க்காலை விட்டுட்டானா என் மாப்ள? மூணு தடவை உக்கார வச்சு, ஒண்ணை மறந்துட்டானா? பிரஷ் குடுக்கத் தெரிஞ்சவனுக்கு எண்ணத் தெரியலையா?

டாக்டரம்மா என் மூஞ்சியைப் பாத்துட்டு, அவரைத் தப்பா நினைக்காதீங்க, அப்ப இந்த மாதிரி ஸ்கேனும் இல்லை, மைக்ராஸ்கோப்பும் இல்லை, வெறுங்கண்ணுல இதைக் கண்டுபிடிக்கிறது பெரும்பாடுன்னாக. அதெல்லாம் என் காதுல விழலை. அந்தப் படத்துல ஒரு பிரதி வேணும்னு கேட்டேன். எதுக்குன்னாக. பூஜை ரூம்ல வைக்கன்னு சொல்ல முடியுமா? வச்சுக்கிறேன்னேன். நாலாவது வாய்க்கால்ல சிவப்பு வட்டம் போட்டுத் தரச் சொன்னேன். போட்டுத் தந்தாக.

அதைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஊருக்கு வந்தேன். எப்படிக் குடுக்கணும்னு ஒரு வாரம் ஒத்திகை பாத்தேன். அவன் ஆஸ்பத்திரியில கூட்டம் அதிகமா இருக்கிற நேரம் போகணும். எல்லாரும் பாக்க மேஜை மேல விரிச்சு வச்சு, “எண்ணு மாப்ள”ன்னு சொல்லணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. ஆனா முதல்ல பல்லு சரியாகணும், அப்பத்தான் வாய் நல்லா ஓடும்னு பொறுத்துக்கிட்டேன்.

சிகிச்சைக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாக. போனதும் டாக்டரம்மா ஒரு விஷயம் கேட்டாக. அன்னைக்கு வெளியூர் பல் டாக்டர்கள் பத்துப் பேரு பயிற்சிக்கு வர்றாகளாம். மைக்ராஸ்கோப்ல பாத்துப் பண்றதைப் பெரிய டிவியில பாத்துக் கத்துக்குவாகளாம். உங்களுக்குச் சம்மதமான்னாக. எனக்கென்ன? பத்து டாக்டர் என் பல்லைப் பாக்க வர்றான்னா வேண்டாம்னு சொல்லுவேனா? பேர் மட்டும் வெளிய வேண்டாம், முகம் தெரிய வேண்டாம்னேன். தெரியாது ஐயான்னாக. கையெழுத்துப் போட்டேன். அருணாசலம்னு போட்டேன், ‘சௌ’ன்னு ஆரம்பிச்சு அடிச்சுட்டு.

ஊசி போட்டாக. எறும்பு கடிச்ச மாதிரிதான், பயப்படாதீங்க. அப்புறம் ஒரு பச்சை ரப்பர் துணியை எடுத்து, நடுவுல ஓட்டை போட்டு, அந்த ஒரு பல்லு மட்டும் வெளிய தெரியிற மாதிரி மாட்டி, வாயை மூடிட்டாக. எச்சி உள்ள போகாம இருக்கவாம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. கழுத்து வரைக்கும் துணி. என் மூஞ்சி எமனுக்கே தெரியாது. வெளிய தெரிஞ்சது வயிறும், ரெண்டு காலும், வலது கையில பாகு கொட்டுன பெரிய தழும்பும்தான். அதை வச்சு யாரு என்ன கண்டுபிடிக்க முடியும்? தம்பி, அந்த ரப்பர் துணி இருக்கே, அதுதான் கொடுமை. ஒண்ணேகால் மணி நேரம் நான் பேசலை. பிறந்ததுல இருந்து அப்படி நடந்ததில்லை. ரெண்டு தடவை சந்தேகம் கேக்கப் பாத்தேன். நர்ஸு, ஐயா நீங்க பேசினா டிவியில பல்லு பூகம்பம் மாதிரி ஆடுதுன்னுச்சு.

டாக்டர்களெல்லாம் பின்னாடி வந்து நிக்கிற சத்தம் கேட்டுச்சு. டாக்டரம்மா சொல்ல ஆரம்பிச்சாக. இவர் பம்பாய்க்காரர், இந்தப் பல்லுக்கு அங்கதான் சிகிச்சை எடுத்திருக்காருன்னு. உடனே பின்னாடி இருந்து ஒரு குரல், “பம்பாயிலயா மேடம்?”னு கேட்டுச்சு.

எனக்கு உசுரு நின்னு போச்சு. தனுஷ்கோடி.

எந்திரிச்சு ஓடலாமான்னு பாத்தேன். வாய்க்குள்ள இரும்புக் கொக்கி, மேல ரப்பர், பக்கத்துல டாக்டரம்மா கை. எங்க ஓட? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், கண்ணை மூடிட்டா அவனுக்கு நான் தெரிய மாட்டேன்கிற மாதிரி. பம்பாய்தான்னு டாக்டரம்மா சொன்னாக. அப்படியா மேடம்னான். அவனுக்கு அன்னைக்குச் சரியான சளி போல, தொண்டையைச் செருமிக்கிட்டே இருந்தான். ரெண்டு தடவை வெளிய போய் இருமிட்டு வந்தான். நடுவுல ஒரு தடவை, இந்தப் பேஷண்ட்டு கடலை மிட்டாய் மாதிரி கெட்டியானது எதையாவது கடிக்கிற பழக்கம் உள்ளவரான்னு கேட்டான். பாருங்க, எவ்வளவு அப்பாவி. பக்கத்துல படுத்திருக்கிறது யாருன்னு தெரியாமலே கேக்குறான்.

வேலை ஆரம்பிச்சுது. நான் என்ன நினைச்சேன்னா, கேப்பை உடைப்பாக, பல்லைப் பாதி தோண்டுவாக, ஈறை வெட்டுவாகன்னு. ஒண்ணுமில்லை. கேப்புக்கு நடுவுல மிளகு அளவு ஒரு துளை. அவ்வளவுதான். டாக்டரம்மா சொல்லிக்கிட்டே பண்ணாக: பல்லுல நல்ல பாகம் எவ்வளவு மிஞ்சுதோ அவ்வளவு காலம் பல்லு நிக்கும், அதனால தேவையில்லாத இடத்துல ஒரு துளி கூடச் சுரண்டக் கூடாது, கண்ணுல பெருசாக் காட்டுற கண்ணாடி இருக்கும்போது துளையைப் பெருசாக்க வேண்டிய அவசியம் என்னன்னாக. கொசு ரீங்காரம் போடுற மாதிரி ஒரு சின்னக் கருவியை வச்சுப் பழைய மருந்தை எடுத்தாக. டிவியில பாத்தவுக எல்லாரும் மூச்சை அடக்கிட்டு நின்னாக. மெல்லிசா ஒரு கம்பி உள்ள போச்சு. “கிடைச்சுருச்சு”ன்னாக டாக்டரம்மா. நாலாவது வாய்க்கால். எல்லாரும் கை தட்டுனாக தம்பி. என் பல்லுக்குக் கை தட்டுனாக.

கழுவுற மருந்து ஊறிக்கிட்டு இருக்கும்போது டாக்டரம்மா பொதுவா ஒரு கேள்வி கேட்டாக. உங்கள்ல யாருக்காவது இப்படி ஒரு வாய்க்காலை விட்ட அனுபவம் உண்டான்னு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. பத்து டாக்டர் நிக்கிற இடத்துல எவன் சொல்லுவான்?

அப்ப தனுஷ்கோடி பேசினான். குரல் மாறியிருந்துச்சு, அந்தச் சளிதான்.

“நான் விட்டிருக்கேன் மேடம். இதே பல்லு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி. எங்க அக்கா வீட்டுக்காரருக்கு.”

அவனே தொடர்ந்து பேசினான்.

“நான் ஆஸ்பத்திரி திறந்து நாப்பது நாள் ஒரு ஆள் உள்ள வரலை. சின்னப் பையன் கையில பல்லைக் குடுக்க எல்லாருக்கும் பயம். அவருதான் வந்து உக்காந்தாரு. என் கை நடுங்குனதை அவரு பாத்தாரு, ஒண்ணும் சொல்லலை. வெளிய போய் டீக்கடையில, பஸ் ஸ்டாண்டுல, மார்க்கெட்டுல, என் மாப்ள கையில வலியே தெரியாதுன்னு சொல்லிச் சொல்லியே எனக்குக் கூட்டம் சேத்தாரு. எனக்கு நல்லாத் தெரியும், அவருக்கு அன்னைக்கு உசுரு போற வலி. நான் மருந்தைச் சரியாப் போடலை.”

அப்புறம், “அவரைக் கூப்பிட்டு, அத்தான் நான் ஒண்ணை விட்டுட்டேன்னு சொல்லணும். இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்லை. தப்பு என் மேலதான்”னான்.

தம்பி, நான் அந்த நாற்காலியில படுத்துக்கிட்டு என்ன பண்ண முடியும்? கறுப்புக் கண்ணாடிக்குள்ள கண்ணு நிறைஞ்சு காதுக்குள்ள வழியுது. நர்ஸு பாத்துட்டு, மேடம் இவருக்கு வலிக்குது போலன்னுச்சு. நான் இல்லை இல்லைன்னு சொல்றேன், ரப்பருக்குள்ள இருந்து ‘ங்ங்ங்’னுதான் வருது. அது இன்னும் பயந்துபோய், ரொம்ப வலிக்குது மேடம்னுச்சு. இன்னொரு ஊசி போட்டுட்டாக. மூக்கு நுனி வரைக்கும் மரத்துப் போச்சு. ஊசி போடுறப்ப யாரோ என் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டாக. ரெண்டு கையாலயும், கெட்டியா. நர்ஸா இருக்கும். வேலை முடியிற வரைக்கும் விடலை.

வெளிய வந்து மாட்டுத்தாவணியில பஸ்ஸுக்கு நிக்கும்போது சட்டைக்குள்ள கையை விட்டு அந்தப் படத்தை எடுத்தேன். சிவப்பு வட்டம் போட்டது. கொஞ்ச நேரம் பாத்தேன். நாலா மடிச்சுக் குப்பைத்தொட்டியில போட்டேன். ஏன்னு கேக்காதீங்க, எனக்கே சொல்லத் தெரியலை. வாய் மரத்துப் போயிருந்ததால அன்னைக்குப் பஸ்ல யார்கிட்டயும் பேசவும் முடியலை.

அடுத்த புதன்கிழமை தனுஷ்கோடி வீட்டுக்கே வந்துட்டான். கையில நல்லாப் பழுத்த பப்பாளி. மெதுவா இருக்கும் அத்தான், சாப்பிடுங்கன்னான். எட்டு மாசத்துக்கு அப்புறம் வந்தவன் வேற பழமே கிடைக்காத மாதிரி பப்பாளி வாங்கிட்டு வந்திருக்கான். அந்த நிச்சயதார்த்தத்துல நடந்தது தப்புதான், அந்த நானூறு பாக்கெட்டையும் நாங்கதான் உக்காந்து தின்னு தீத்தோம், உங்க பொண்ணு பல்லுல ஒண்ணு போயிருச்சுன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சுன்னான். உங்க பொண்ணுன்னு சொன்னது அவன் பொண்ணைத்தான். நான் சிரிச்சுட்டேன். அப்புறம் அவன் மெதுவா, வலது பக்கம் மேல அந்தப் பல்லு எப்படி இருக்கு அத்தான்னு கேட்டான்.

நான் என்ன சொல்லணும், சொல்லுங்க. பத்துப் பேரு முன்னாடி மனசு விட்டுப் பேசுனவன். அவனுக்குத் தெரியாம வேற டாக்டர்கிட்டப் போனேன்னு சொன்னா நொந்து போயிருவான். “கல்லு மாதிரி இருக்கு மாப்ள, நீ பண்ணதாச்சே”ன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கனகமணி அந்தப் பக்கம் திரும்பி அடுப்பைத் தொடைக்க ஆரம்பிச்சா. அடுப்பு சுத்தமாத்தான் இருந்துச்சு.

இன்னொரு தடவை மதுரை போய் வாய்க்கால் நாலையும் அடைச்சுட்டு வந்தேன். சிமெண்டு மாதிரி ஒரு புது மருந்தாம், எலும்போட ஒத்துப் போகுமாம். கேப்புல போட்ட துளையை வெள்ளையா ஒரு பொட்டு வச்சு மூடிட்டாக. வெள்ளி நிறக் கேப்புல வெள்ளைப் பொட்டு. பத்து நாள்ல பட்டறையில வலது பக்கம் வச்சு ஒரு கடி கடிச்சேன். ‘சவக்’. பேச்சித்தாய், பாகை இன்னும் ரெண்டு நிமிஷம் விடுன்னேன். விட்டா. ‘டக்’. பாத்தியா, திட்டுனாத்தானே தொழில் வருதுன்னேன். ஆமா அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போய்ட்டா. எல்லாருமாச் சிரிச்ச சத்தம் கேட்டுச்சு, மிட்டாய் நல்லா வந்த சந்தோஷம்.

திருமங்கலம் தாண்டியாச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான். இன்னைக்கு நான் போறது ஆறு மாசம் கழிச்சுப் பாக்குற பார்வைக்கு. எலும்பு வளந்திருக்கான்னு படம் எடுப்பாக. வீட்டுல வெல்லமண்டின்னுதான் சொல்லியிருக்கேன். கனகமணி, வெல்லமண்டிக்குச் சாப்பிட்டுட்டுப் பல்லு விளக்கிட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்புனா.

போன மாசம் என்ன நடந்துச்சுன்னா, தனுஷ்கோடி ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிட்டான். ஆஸ்பத்திரியில புது ரூம் கட்டி, வாழைமரம் நட்டு, திறப்பு விழா. சொந்தக்காரங்க, கடைக்காரங்க, எங்க பட்டறை ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாக. வாசல்ல வந்தவுகளுக்கெல்லாம் என் கடலை மிட்டாய், அவனே தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நாற்காலியில முதல்ல யாரு உக்காரணும்னு பேச்சு வந்துச்சு. பெரிய ஆளுங்க நாலஞ்சு பேரு இருந்தாக. அவன் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுட்டான். எல்லாரும் பாக்க சுவத்துல ஒரு பெரிய டிவி.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கேப்பு. வெள்ளைப் பொட்டு.

வாயைத் திறங்க அத்தான்னான். இடது பக்கம் பாரு மாப்ள, அதுதான் அழகுன்னேன். வலது பக்கந்தான் வெளிச்சம் சரியா விழுதுன்னு சொல்லிட்டு மைக்ராஸ்கோப்பை இறக்கிட்டான். டிவியில என் பல்லு அண்டா அளவுக்கு வந்து நிக்குது. நடுவுல பௌர்ணமி நிலா மாதிரி அந்தப் பொட்டு. அவன் ரொம்ப நேரம் பாத்தான். எனக்கு வேர்த்து ஊத்துது. கனகமணியோட சித்தி, பார்வை மங்குன மனுஷி, அவுகளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. “ஏப்பா தனுஷ்கோடி, அது என்னது வெள்ளையா?”ன்னு கேட்டுட்டாக.

நான் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு, சாமியை எல்லாம் கும்பிடுறேன்.

தனுஷ்கோடி கண்ணாடியில இருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: “கடலைத் துண்டு சித்தி. எங்க அத்தான் வாயில வேற என்ன இருக்கும்?”

எல்லாரும் சிரிச்சாக. பேச்சித்தாய் சிரிச்சா. கனகமணி முந்தானையை வாயில பொத்திக்கிட்டுச் சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அவன் ஒரு சின்னக் கம்பியால அந்தப் பொட்டு மேல ரெண்டு தட்டு தட்டுனான். குனிஞ்சு என் காதுகிட்ட, “வலிக்குதா அத்தான்?”னான். இல்லைன்னு தலையை ஆட்டுனேன். அந்த லைட்டு ரொம்பக் கூசும் போல, புறங்கையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டான்.

எனக்குத்தான் உள்ளூர வருத்தம். இவ்வளவு பெரிய மெஷின் வாங்கியிருக்கான், மனுஷனுக்குக் கடலைக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியலை. நான் காட்டிக் குடுக்கலை. திறப்பு விழா அன்னைக்கு, அத்தனை பேரு முன்னாடி, பாவம், எப்படிச் சொல்றது?